நாத்தனார் போட்ட டிக்

பச்சைப் புல் மூடிய ஒரு மேடு. அதன் மேல் நீல வானம், அங்கங்கே வெள்ளை மேகம். பழைய விண்டோஸ் ஓடிய கம்ப்யூட்டரைப் பார்த்த எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும். ஒரு காலத்தில் பேங்கு, பத்திரப் பதிவு ஆபீஸ், கொம்யூன் பஞ்சாயத்து என்று எங்கே போனாலும் அந்த மேடுதான் நிற்கும். இப்போது எங்கேயும் இல்லை. எங்கள் கடையில் மட்டும் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குள் அந்த மேடு. காலையில் கடை திறந்து சாம்பிராணி காட்டியதும் நான் முதலில் திறப்பது அதைத்தான். "இன்னாக்கா, இந்தக் காலத்துல இதப் போயி வச்சினு கீறீங்க?" என்று கேட்பவர்களிடம் ராசியான பெட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாருக்கு ராசி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்தப் பெட்டியைச் செய்தவள் என் நாத்தனார். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது சின்னவள், என்ஜினியரிங் படித்தவள். நான் பாகூரில் மருமகளாக வந்து இறங்கியபோது படிப்பு முடித்து, மாப்பிள்ளை பார்க்கும் வரைக்கும் என்று கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு. கல்யாணத்துக்கு மறுநாள் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவள்தான். அவள் விரல்கள் கீபோர்டில் ஓடுவதைப் பார்த்து எனக்கு வாய் பிளக்கும். நான் வில்லியனூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்து, பஸ்ஸில் போய் வந்து பி.காம். முடித்தவள். கடை இருக்கிற வீடு, பெண்ணின் படிப்புக்கு வேலை இருக்கும் என்று நம்பித்தான் அப்பா என்னைக் கொடுத்தார்.

கடை பெரிய கடை. பைப், எல்போ, மோட்டார் சாமான், தார்ப்பாய், ஆணி, கயிறு எல்லாம் கிடைக்கும். சுற்றுப்பட்ட கரும்புக்காரர்கள் மோட்டாருக்கு ஃபுட் வால்வு கேட்டு வருவார்கள். பனித்திட்டிலிருந்தும் மணப்பட்டிலிருந்தும் படகுக்கு நைலான் கயிறு வாங்க வருவார்கள். கடைக்குப் பின்னால் கோடவுன், கோடவுனுக்குப் பின்னால் வீடு. வீட்டில் மாமியாரின் சமையலறை. அங்கே நான் வைத்த குழம்பில் உப்பு கூடும், நான் துலக்கிய பாத்திரத்தில் பிசுக்கு இருக்கும், நான் மூச்சு விட்டாலும் அடுப்பு அணையும். ஒரு கதவு தள்ளி அந்தப் பக்கம் நாலு பேர் வந்து போனார்கள், பேச்சு இருந்தது, காற்று இருந்தது. எனக்கு அந்தக் கல்லா மேல் ஆசை வந்துவிட்டது. கூச்சத்தை விட்டு மாமனாரிடமே கேட்டேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "கல்லாவுல உக்கார்றது இன்னா பொம்ம வெளாட்டாம்மா? கோடவுன்ல கீற சாமான் பூரா கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டு. ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிட்டியா, பூஜை அன்னிக்கி நீதான் உக்கார்ற. முடியல, வூட்டு வேலயப் பாத்துனு இரு. அப்புறம் இந்தப் பேச்ச எடுக்கவே கூடாது." நான் சரி என்றேன். அந்த வீட்டில் எனக்கு வாசல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். அதற்குள் நுழைந்தேயாக வேண்டும் என்று நினைத்தேன்.

ஸ்டாக் ஏற்றும் புரோகிராம் பழையது. எழுதிக்கொடுத்த கடலூர்க்காரர் எங்கோ போய்விட்டார். தவளக்குப்பத்தில் வாங்கி வந்த புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை. மாமனாருக்கோ அந்தப் பழைய கட்டம் போட்ட திரை தவிர வேறொன்றும் பிடிபடாது. அதனால் பாப்பா பழைய கம்ப்யூட்டரை முழுசாகவே புதுசுக்குள் ஓடவிட்டிருந்தாள். பில் போடுவது வெளியே, ஸ்டாக் உள்ளே. எனக்கு அவள் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "இது வூட்டுக்குள்ள ஒரு வூடு அண்ணி. உள்ள இருக்கிறவங்களுக்கு அதுதான் மொத்த வூடுன்னு தோணும். வெளிய இன்னா நடக்குதுன்னு தெரியவே தெரியாது. நீங்க உள்ள நிம்மதியா வேல செய்ங்க. சாயங்காலம் மூடறது மட்டும் நான் பாத்துக்கறேன், அதுல கொஞ்சம் சூட்சுமம் கீது." என் மேல் எவ்வளவு அக்கறை என்று மனம் குளிர்ந்தது.

வேலையைத் தொடங்கினேன். காலையில் சமையல் முடித்துவிட்டு கோடவுனில் ஏறி, ஒவ்வொரு அடுக்காக எண்ணிக் குறித்து வந்து, உட்கார்ந்து ஏற்றுவேன். முக்கால் இஞ்ச் எல்போ, ஒரு இஞ்ச் டீ, ரெடியூசர், கேஸ்கெட். பல்லி எச்சமும் துரு தூசியுமாகத் தும்மல் நிற்காது. எங்கள் களத்தில் நெல் அளந்தாலும் சரி, இவர்கள் கடையில் சாமான் எண்ணினாலும் சரி, ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டோம், லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். அதனால் பட்டியலின் முதல் வரியில் 'லாபம்' என்று போட்டேன். எண்ணிக்கை போடாமல் புரோகிராம் விடவில்லை, பக்கத்தில் ஒன்று என்று போட்டேன். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, லாபம் ஒண்ணு ஸ்டாக்ல கீதாமே, யாருன்னா கேட்டா குடுத்துடலாமா?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். கடையில் வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்கு அம்மன் படம் போட்ட காலண்டர் கொடுப்பார்கள். அந்தப் படம் பழைய கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. பச்சை மேட்டை எடுத்துவிட்டு அம்மனைத் திரையில் வைத்தேன். ஆத்தாள் முகத்தில் விழித்து வேலை தொடங்குவது நல்லது என்று தோன்றியது. இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று பட்டியல் நீண்டது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தேன். பட்டியல் இல்லை. லாபம்கூட இல்லை. அம்மனும் இல்லை. மேடும் வானமும் மட்டும் இருந்தன.

"கரப்ட் ஆயிடுச்சு அண்ணி," என்றாள் பாப்பா, என் தோளைத் தொட்டு. "சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க." பண்ணினேன் என்றேன். "சரியாப் பண்ணியிருக்க மாட்டீங்க." பனித்திட்டுக்காரர் ஒருவர் கயிறு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் பக்கம் திரும்பி, "எங்க அண்ணி கை பட்டா கம்ப்யூட்டருக்கே பேதியாவுது," என்றாள். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். மறுபடி முதல் அடுக்கிலிருந்து ஏற்றினேன். ஒரு வாரம் நின்றது. நாலைந்து அடுக்கு தேறியதும் மறுபடி எல்லாம் போயிற்று, அம்மனும் போனாள். இப்படி எத்தனை முறை என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். கையில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பி.காம். சான்றிதழைப் பார்த்தாலே கூசியது.

மாமியார் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார். "படம் தானா போவுமாடி? ஆத்தாளுக்கே உன்ன இந்தக் கடையில வச்சிப் பாக்கப் புடிக்கல. அதான் எழுந்து போயிடறா." நான் அதை நம்பினேன். இப்போது எழுதும்போது கோபம் வருகிறது, ஆனால் அப்போது முழுசாக நம்பினேன். பட்டியல் போனால் என் தப்பாக இருக்கலாம். அம்மன் எதற்குப் போகிறாள்? அவளை யாரும் சேவ் பண்ண வேண்டியதில்லையே. என்னிடம் ஏதோ தோஷம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். "வேண்டிக்கங்க அண்ணி, வெள்ளிக்கிழம ஒரு பொழுது இருங்க, சரியாப் போவும்," என்று யோசனை சொன்னவள் பாப்பா. வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோடவுன் ஏணியில் ஏறி இறங்கினேன். சாயங்காலம் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்தேன். கூடவே அவளும் வருவாள். அர்ச்சனைத் தட்டை அவள்தான் பிடித்துக்கொள்வாள். பூசாரி பேர் கேட்டால், "எங்க அண்ணி பேருக்குப் பண்ணுங்க சாமி, கம்ப்யூட்டர் நல்லா ஓடணும்," என்று முகத்தை அவ்வளவு பவ்வியமாக வைத்துக்கொண்டு சொல்வாள்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை. கடைசிக்கு முந்தின அடுக்கு வரை ஏற்றியிருந்தேன், இவ்வளவு தூரம் அதற்கு முன் வந்ததேயில்லை. சாயங்காலம் வழக்கம்போல எழுந்து பாப்பாவுக்கு இடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். கோடவுனில் அளவு நாடாவை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன். கடைக்கும் கோடவுனுக்கும் இடையில் உள்ள கதவு பாதி திறந்திருந்தது. பாப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். திரையில் அம்மனும் என் பட்டியலும் இருந்தன.

அவள் அந்த ஜன்னலை மூடும் குறியை அழுத்தினாள். ஒரு சின்னக் கேள்விப் பெட்டி வந்தது. "பாருண்ணா, சும்மா மூடினா அப்படியே இருக்கும். இதுக்குக் கீழ ஒரு சின்னக் கட்டம் கீது பாத்தியா, அதுல ஒரு டிக். அவ்ளோதான். நான் மொதல்ல எடுத்து வச்ச நெலமைக்குப் போயிடும்." டிக் போட்டு அழுத்தினாள். ஜன்னல் மூடியது. மறுபடி திறந்தாள். பச்சை மேடு வந்தது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "ஏய் பாப்பா, அவ மூஞ்சி நாளைக்கி எப்பிடி இருக்கும்? இன்னொரு தடவ காட்டு," என்றார். பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றேன்.

நான் ஏன் உள்ளே பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுக்கவில்லை என்று பிற்பாடு என் தங்கை கேட்டாள். யாரிடம் போய் முறையிடுவது? கேட்க வேண்டியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மாமனாருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தியிருந்தால் அதுவும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. மறுநாள் காலையில் வந்து மேட்டைப் பார்த்தேன். பாப்பா என் முகத்தையே பார்த்தாள். "மறுபடி போயிடுச்சா அண்ணி?" "ஆமா பாப்பா, சேவ் பண்ண மறந்துட்டேன்," என்றேன். அம்மன் படத்தை எடுத்து வைத்தேன். லாபம் என்று அடித்தேன். பூஜை வரைக்கும் தெரிந்தே ஏற்றினேன், அவள் தெரிந்தே அழித்தாள். பூஜை அன்று கல்லாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்து பாப்பாவை உட்கார வைத்தார்கள். எனக்குப் பொரி கடலை பொட்டலம் கட்டும் வேலை கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தை மாதம் பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குச் சென்னையில் நல்ல வேலை, அவளை அங்கே அழைத்துப் போனார். மாமனார் படுத்த படுக்கையானார். என் வீட்டுக்காரருக்கு எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாது, பேசத்தான் தெரியும். "உனக்குத்தான் அந்தப் பொட்டி தெரியுமே, வந்து உக்காரும்மா," என்று மாமியாரே சமையலறை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. புதுப் புரோகிராம் வாங்கினேன், ஒவ்வொரு சாமானுக்கும் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டினேன், ஸ்டாக் எல்லாம் வெளியேயே வந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் புதுசுக்கு மாற்றச் சொல்வேன். தவளக்குப்பத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியாது.

போன வைகாசியில் பாப்பா ஒரே ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளை வேலைக்குப் போக விடவில்லை, இத்தனை வருஷம் கழித்து எங்கே எழுதிப் போட்டாலும் பதில் வரவில்லை. விவாகரத்துக் கேஸ் நடக்கிறது. தலைமுடி பாதி கொட்டிவிட்டது. யாராவது சத்தமாகப் பேசினால் உடம்பு தூக்கிப் போடுகிறது. மாமியார் மகளைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வேளைச் சோறு அதிகம் கேட்கவே பயந்தார். ஒரு மாதம் போல அவள் அறையை விட்டு வரவில்லை. பிறகு ஒரு காலை கோடவுன் கதவருகே, நான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றாள். "அண்ணி, வூட்டுல சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும் போல கீது. கடைக்கு வரட்டா?"

அவளைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். பாவமாக இருந்தது, அதோடு நாக்கும் தயாராக இருந்தது. "வாயேன் பாப்பா. கோடவுன் ஸ்டாக் பூரா ஏத்திடு. ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிட்டா பூஜை அன்னிக்கி நீ கல்லாவுல உக்காரு," என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். பச்சை மேடு வந்தது. அவள் அதைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். தன் கையால் செய்த பெட்டி, அவளுக்குத் தெரியாதா? ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். "சாயங்காலம் மூடறது நான் பாத்துக்கறேன்," என்றேன். "சரி அண்ணி," என்றாள்.

ஐந்தாறு அடுக்கு ஏற விடுவேன், பிறகு ஒரு டிக் போடுவேன். முதல் வாரங்களில் அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. "சேவ் பண்ணியிருக்க மாட்ட பாப்பா," என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் வாய்க்குள் ஏதோ சிரிப்பது போலச் செய்வாள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வுட்டுடேன், பாவம்," என்றார். "இன்னொரு தடவ காட்டட்டா?" என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நான் இருந்தது இத்தனை வருஷம் கழித்து அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இப்போது இனிப்பெல்லாம் போய்விட்டது. அவள் நினைத்தால் இரண்டு அழுத்தலில் அந்தப் பட்டியலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எங்கே அழுத்த வேண்டும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் செய்வதில்லை. தினமும் வருகிறாள், கோடவுன் ஏணியில் ஏறுகிறாள், தும்முகிறாள், எண்ணிக் குறித்து வந்து ஏற்றுகிறாள். போன மாதம் அழித்த மறுநாள் நான் வேண்டுமென்றே அவள் பின்னால் போய் நின்றேன். அவள் காலண்டர்ப் படத்தைத் தேடி எடுத்து, மேடு இருந்த இடத்தில் அம்மனை வைத்தாள். பட்டியலைத் திறந்து முதல் வரியில் லாபம் என்று அடித்தாள். பக்கத்தில் ஒன்று போட்டாள். நான் கல்லாவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நேற்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று மாமியார் வந்து முணுமுணுத்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "கோயிலுக்குப் போயிட்டு வரட்டா அண்ணி?" என்றாள். காலில் செருப்பில்லை. இரு, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். சன்னிதியில் தேங்காய்த் தட்டை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். பூசாரி பேர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "எங்க பாப்பா பேருக்குப் பண்ணுங்க சாமி, கம்ப்யூட்டர் நல்லா ஓடணும்," என்றேன். என் குரல் அவ்வளவு பவ்வியமாக வந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நேற்றோடு விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து கடையைக் கட்டும் முன் அந்த ஜன்னல் முன்னால் உட்கார்ந்தேன். அம்மன் இருந்தாள். இந்த முறை நான் விட்டுவைத்த பட்டியல் கடைசிக்கு முந்தின அடுக்கு வரை வந்திருந்தது. மூடும் குறியை அழுத்தினேன். கேள்விப் பெட்டி வந்தது. சின்னக் கட்டத்தில் டிக் போட்டேன்.

இன்று காலை சாம்பிராணி காட்டி முடித்துத் திறந்தேன். பச்சைப் புல் மூடிய மேடு, அதன் மேல் நீல வானம். பாப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மறுபடி போயிடுச்சா பாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா அண்ணி," என்றாள். "மறந்துட்டேன்."